ஃப்ளஷ் தொட்டியில் வருண பகவான்

தேனாம்பேட்டை சிக்னலிலிருந்து கல்யாண மண்டபத்தின் வாசல்வரை வரிசை. உள்ளே கல்யாணம் இல்லை. கட்சிக் கூட்டமும் இல்லை. பிரியாணி இலவசம் என்று எவனும் அறிவிக்கவில்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்கே முந்நூறு பேர். டாக்டர், வக்கீல், ஆடிட்டர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் என்று படித்த கூட்டம். எல்லோர் கையிலும் செல்போன். எல்லாத் திரையிலும் ஒரே மாதிரிப் படம். பேரக்குழந்தையா? இல்லை. குலதெய்வமா? அதுவும் இல்லை. அவரவர் வீட்டுக் கக்கூஸ்!

சிரிக்காதீர்கள். அந்த வரிசையில் நானும் நின்றேன். டோக்கன் எண் நூற்று நாற்பத்தேழு. இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நான் அவமானப்படுவதைவிட இது மேல்.

மேடையில் ஜலயோகி வருணானந்த சுவாமிகள். நீல வேட்டி, நீலத் துண்டு, கழுத்தில் சங்கு மாலை. வயிறு மட்டும் நன்றாக நிரம்பிய ஏரி. பக்தர் தன் செல்போன் படத்தைக் கொடுத்தால், சீடன் அதைத் திரையில் ஆறடி உயரத்துக்குக் காட்டுவான். சுவாமிகள் கண்ணை மூடுவார், திறப்பார், கையை நீட்டுவார்.

"ஜலநாகம்!"

கூட்டம் மொத்தமும் "ஐயோ!" என்னும்.

பழைய பீங்கானின் உட்புறத்தில், பின்பக்கமாக, மேலிருந்து கீழே ஒரு மஞ்சள் கோடு இறங்குமே, பார்த்திருப்பீர்கள். அதுதான் நாகம் ஏறி இறங்கிய தடமாம். ஒவ்வொரு வீட்டு ஃப்ளஷ் தொட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாம்பு குடியிருக்கிறதாம். இரவும் பகலும் தண்ணீரைக் குடிக்கிறதாம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே அதனால்தானாம். ஏரியைத் தூர்த்து நாம் வீடு கட்டியதாலா? சேச்சே. நாம் எப்போதாவது தப்புப் பண்ணியிருக்கிறோமா?

பரிகாரம் கைவசம் தயாராக இருந்தது. பெயர் வருணக் கட்டு. மஞ்சள் துணியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, சிவப்புக் கயிறு கட்டி, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைத்த ஒரு நீளமான பொட்டலம். ஒன்று மூவாயிரத்து ஒரு ரூபாய். இரட்டைக் கட்டு வேண்டுமானால் ஐயாயிரத்து ஐந்நூறு. பணமாகவும் கொடுக்கலாம், செல்போனில் ஸ்கேன் பண்ணியும் கட்டலாம். சுவாமிகள் உலகத்தைத் துறந்தவர்தான், ஸ்கேன் அட்டையைத் துறக்கவில்லை.

"இதை ஃப்ளஷ் தொட்டிக்குள் வையுங்கள்" என்றார். "நாற்பத்தெட்டு நாள். நாகத்தின் வாய் கட்டப்படும். ஆனால் ஒன்று! கட்டை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தவர் வீட்டுக் குழாயில் ஏழு தலைமுறைக்குத் தண்ணீர் வராது!"

எனக்கு முன்னால் நின்றவள் எங்கள் அடுக்குமாடியின் முதல் மாடி சண்முகவடிவு. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக் குடும்பம். புடவையின் நூலை விரலால் தடவியே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுகிற கெட்டிக்காரி. அவளை ஏமாற்றி ஒரு முழம் துணி விற்க இந்த ஊரில் ஆள் கிடையாது. அந்த அம்மாள் இரண்டு இரட்டைக் கட்டு வாங்கித் தூக்க முடியாமல் தூக்கினாள்.

"என்ன கனம் கனக்கு பாத்தீயளா, சார்!" என்றாள்.

"கனமாகத்தான் இருக்கிறது."

"அருளுல்லா! கனக்கத்தானே செய்யும்."

நான் தலையாட்டினேன். எனக்கு இரண்டு ஒற்றைக் கட்டு. ஓய்வூதியக்காரனுக்கு அவ்வளவு அருள்தான் கட்டுப்படியாகும்.

எங்கள் அடுக்குமாடி ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு இரண்டு கழிப்பறை. கட்டி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஃப்ளஷ் தொட்டிகளும் அந்தக் காலத்து யானைத் தொட்டிகள். ஒரு அழுத்து அழுத்தினால் பத்து லிட்டர் போகும். ஒரு டம்ளர் சமாச்சாரத்தைத் தள்ள ஒரு குடம் தண்ணீர். கோடை வந்தால் போர் வற்றும், லாரிக்காரனுக்கு நாள்விட்டு நாள் போன் போகும். அப்படி ஒரு கோடையில்தான் சுவாமிகள் எங்களை ஆட்கொண்டார். ஒரே வாரத்தில் பதினோரு வீட்டில் கட்டு இறங்கியது.

இறங்காத ஒரு வீடு இரண்டாம் மாடி அஸ்மத்துன்னிசாவுடையது. ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து தி. நகர்க் கடைகளுக்குக் கொடுப்பவர். சுவாமிகளிடம் எல்லா மதத்துக்கும் சரக்கு உண்டு. "உங்களுக்குப் பச்சைத் துணியில் சுற்றித் தருகிறோம்" என்று சீடன் வீடு தேடியே வந்து சொன்னான்.

"எங்க டேங்க்ல எடம் இல்லப்பா, பொன்மணி ஏற்கெனவே வேற வெச்சிருக்கா" என்று அஸ்மத்துன்னிசா கதவைச் சாத்திவிட்டார்.

பொன்மணி யார் என்று கேட்கிறீர்களா? எங்கள் பன்னிரண்டு வீட்டுக் கழிப்பறைகளையும் ஆறு வருஷமாகக் கழுவுகிறவள். பெசன்ட் நகர்க் கடலோரம் ஊரூர்க் குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். ஆறு மணிக்குப் பிரஷ்ஷும் பக்கெட்டுமாக ஆரம்பித்தால் மூன்று மணிக்குத்தான் நிமிர்வாள். காம்பவுண்டின் வடகிழக்கு மூலையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரு சின்னக் கழிப்பறை உண்டு. அவளுக்கும் வாட்ச்மேனுக்கும் துணி தேய்க்கிற அம்மாளுக்கும் அது ஒன்றுதான். அதில் ஃப்ளஷ் தொட்டி கிடையாது. ஒரு பக்கெட், ஒரு மக்கு.

கட்டு வைத்த மறுநாள் என் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்தவள் கத்தினாள்.

"இன்னா சார் இது? பொணத்துக்குச் சுத்துனா மாதிரி மஞ்சத் துணி கீது உள்ள!"

"தொடாதே! வருணக் கட்டு. தண்ணீர் மிச்சமாகும்."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் பெரிய கட்டு? அஸ்மத்தம்மா வூட்ல நான் பாட்டில் வெச்சிருக்கேன். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல தண்ணி ரொப்பி, மூடிய இறுக்கி, உள்ளாற ஓரமா நிக்க வெச்சிட்டேன். அது எடத்த அடைச்சிக்குதில்ல? ஒவ்வொரு வாட்டியும் அந்த ரெண்டு லிட்டரு மிச்சம். காசா பணமா?"

ஆர்க்கிமிடீஸ் தொட்டியில் இறங்கியபோது தண்ணீர் ஏன் ஏறியது என்று இருபத்தெட்டு வருஷம் கரும்பலகையில் படம் போட்டவன் நான். அவள் சொன்னதைக் கேட்டதும் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்ன சொன்னேன் தெரியுமா?

"அது வேறே, இது வேறே, பொன்மணி. இது தெய்வீகம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போய்விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், கட்டு வேலை செய்தது! பதினைந்து நாளில் ஒரு லாரி குறைந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் விஜயராகவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் சுவாமிகள் படம் போட்ட பேனர் வைத்தார். மயிலாப்பூரில் அவருடைய சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டார்.

"எங்காத்துல பிரத்யட்சமா நடந்துண்டிருக்கு, ஓய்! பகவான் டேங்க்குக்குள்ள உக்காந்துண்டு மிச்சம் பிடிச்சுக் குடுக்கறார்!"

சண்முகவடிவு வீட்டில் மட்டும் சின்னச் சிக்கல். இரட்டைக் கட்டு வைத்த தொட்டியில் தண்ணீரின் வேகம் போதவில்லை. ஒரு தடவைக்கு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. "பெரிய சாமின்னா மூணு தடவ கும்பிடணும்லா" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முப்பத்தைந்தாம் நாள் காலை. விஜயராகவன் வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. லுங்கியும் துண்டுமாக ஓடினோம். அவர் கழிப்பறை வாசலில் நின்று உள்ளே கையைக் காட்டினார். பீங்கானில் செந்நிறமாக ஏதோ மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

"ரத்தம்!" என்றார். "விடிஞ்சதுலேர்ந்து ரத்தமா வந்துண்டிருக்கு!"

அன்று மாலைக்குள் ஏழு வீட்டில் ரத்தம். மறுநாள் பதினோரு வீட்டிலும். அதுமட்டுமா, மொட்டைமாடித் தொட்டி மதியத்துக்குள் காலி. இரண்டு நாளைக்கு ஒரு லாரி போய் இப்போது தினம் ஒரு லாரி. என் மனைவி கழிப்பறைக்குப் போகுமுன் கற்பூரம் ஏற்ற ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

சுவாமிகளுக்குச் செய்தி போயிற்று. வேனில் வந்து இறங்கினார். கையில் ஒரு எலுமிச்சம்பழம். அதை முகர்ந்துகொண்டே காம்பவுண்டைச் சுற்றினார். நாங்கள் பின்னால் போனோம். வடகிழக்கு மூலை வந்ததும் பழம் அவர் கையிலிருந்து தானாக விழுந்தது. தானாக என்றால், அவர் விரலை விரித்ததும் தானாக.

"ஈசானிய மூலையில் கழிப்பறையா!" என்று கர்ஜித்தார். "இதுதான் புற்று! நாகத்தின் தாய்வீடு! நான் அங்கே குட்டிகளின் வாயைக் கட்டினேன், தாய் இங்கிருந்து ரத்தம் கக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நல்ல நேரம். இடித்துத் தரைமட்டம் ஆக்குங்கள். அந்த இடத்தில் வருண பீடம் எழுப்பிவிடலாம். செலவை என் சீடன் சொல்வான்."

சீடன் சொன்னான். கேட்டவர்களுக்கு மயக்கம் வராதது ஆச்சரியம்தான். ஆனால் ரத்தம் வழிகிற வீட்டில் யார் பேரம் பேசுவார்கள்? சரி என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

பொன்மணிக்கு விஷயம் தெரிந்ததும் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக விஜயராகவனிடம் வந்தாள்.

"சார், அத்த இடிச்சிட்டா நான் எங்க சார் போவேன்?"

"சித்த அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, பொன்மணி. கார்த்தால ஆத்துலேர்ந்து கிளம்பறச்சயே முடிச்சுண்டு வந்துடேன்."

"அஞ்சு மணிக்குக் கிளம்புறேன், திரும்பிப் போறதுக்கு நாலாவுது. பதினோரு மணி நேரம் எப்பிடி சார் அடக்கிக்கினு வேல செய்வேன்?"

"தண்ணியக் கொறச்சுக் குடி" என்று சண்முகவடிவு யோசனை சொன்னாள்.

பொன்மணியின் முகம் சுருங்கிவிட்டது. "அதான்க்கா முந்தி வேல செஞ்ச எடத்துல பண்ணேன். அங்க எங்களுக்குன்னு ஒண்ணு இல்ல. தண்ணி குடிக்காம குடிக்காம கிட்னில சீழ் வெச்சி, ஒரு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன். டாக்டரு இன்னொரு வாட்டி வந்தா பொழைக்க மாட்டன்னு சொல்லிக்கிறாரு. இந்தக் கக்கூஸு இருக்குதுன்னுதான் சார் இங்க வேலைக்கே வந்தேன்."

அஸ்மத்துன்னிசா, "நீ எங்க வீட்டுக்கு வாம்மா" என்றார்.

"நீங்க பத்து மணிக்கெல்லாம் பூட்டிக்கினு கடைங்களுக்குப் போயிடுவீங்க. அப்போ? வாட்ச்மேனு எங்க போவாரு? அயன்காரம்மா எங்க போவும்?"

தினம் இருபத்துநாலு கழிப்பறையைத் தேய்த்துப் பளபளக்க வைக்கிறாள். அஸ்மத்துன்னிசா வீட்டைத் தவிர வேறு எதிலும் அவள் உட்கார்ந்ததில்லை. உட்காரலாம் என்று நாங்கள் சொன்னதுமில்லை. என் வீட்டில் இருக்கிற இரண்டும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். நான் மேலே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை, ஆனால் எழுந்து கீழே போகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூலைக் கழிப்பறை வாசலில் வாழை மரம், மாவிலைத் தோரணம். அக்கம்பக்கத்து அடுக்குமாடிக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். அடுத்த கட்டு யாருக்கு வேண்டும் என்று சீடன் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். இடிக்க வந்தவர் பிளம்பர் அக்பர் பாஷா. எங்கள் கட்டடத்துக் குழாய் அத்தனையும் அவர் கையில் வளர்ந்தவை. சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "இந்தக் கக்கூஸு இன்னா சார் தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டபடியே வந்தார்.

கழிப்பறை வாசலில் பொன்மணி நின்றுகொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் சொட்டு நீலம் பாட்டில். வெள்ளை வேட்டிக்குப் போடுவோமே, அது.

"வழி விடு, பெண்ணே. நல்ல நேரம் போகிறது" என்றார் சுவாமிகள்.

"ஒரே ஒரு டவுட்டு சாமி. தாய்ப் பாம்பு இங்கதான கீது?"

"ஆம்!"

"அப்போ இங்க ஏன் ரத்தம் வரல? மேல மட்டும் வருது?"

"தாய் இங்கே ஒளிந்திருக்கிறாள். கக்குவது குட்டிகள் வழியாக."

"சரி. குட்டி எங்கெங்க கீதுன்னு நான் கண்டுபுடிச்சிக் காட்டட்டா? கால் மணி நேரம் ஆவும். அப்புறம் நீங்க இடிச்சிக்கோங்க, நானே கல்லு தூக்கிப் போடுறேன்."

கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கக் கசக்குமா? "காட்டு, காட்டு" என்றது. சுவாமிகள் சீடனைப் பார்த்தார். சீடன் கடிகாரத்தைப் பார்த்தான்.

முதலில் விஜயராகவன் வீடு. பொன்மணி தொட்டி மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த தண்ணீரில் பத்துச் சொட்டு நீலம் விட்டாள். "யாரும் ஃப்ளஷ் அழுத்தாதீங்க. சும்மா பாத்துக்கினு இருங்க." பத்துப் பேர் ஒரு கழிப்பறை வாசலில் நின்று பீங்கானையே பார்த்தோம். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. யாரும் தொடாமலே, அந்த மஞ்சள் கோட்டின்மேல் மெல்லிய நீலம் இறங்கியது. பீங்கான் குளம் மொத்தமும் நீலமாயிற்று.

"விஷம்!" என்று கூவினார் சுவாமிகள். சமயோசிதத்தில் மனுஷனை அடித்துக்கொள்ள முடியாது. "பார்த்தீர்களா? நாகம் விஷத்தைக் கக்கிவிட்டது!"

"ஆ!" என்றது கூட்டம். என் பக்கத்தில் ஒருவர் கை கூப்பினார்.

அக்பர் பாஷா மட்டும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"சரி சாமி, விஷமாவே இருக்கட்டும்" என்றாள் பொன்மணி. சண்முகவடிவு வீடு, என் வீடு, இன்னும் இரண்டு வீடு. எங்கும் அதே நீலம் தானாக இறங்கியது. கடைசியாக அஸ்மத்துன்னிசா வீடு. பத்துச் சொட்டு. இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தொட்டிக்குள் நீலம், அதில் தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்று ஓரமாக நிற்கிறது. கீழே பீங்கான் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இங்க பாம்பு இல்லியே, சாமி?"

"அது... இந்த வீட்டின் திசை அப்படி..."

"திசையா? இவங்க வூட்டுக்கு நேர் கீழதான் சம்மோடவடிவு அக்கா வூடு. ரெண்டு கக்கூஸும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு. நல்லாக் கேளுங்க எல்லாரும். கட்டு வெச்ச வூட்லல்லாம் பாம்பு கீது. கட்டு வெக்காத வூட்ல பாம்பு இல்ல. எங்க மூலைக் கக்கூஸ்லயும் கட்டு இல்ல, ரத்தமும் இல்ல. அப்போ பாம்பைக் கொண்ணாந்து வுட்டது யாரு, சாமி?"

மாடிப்படி முழுக்க நின்றிருந்த கூட்டம் சுவாமிகள் பக்கம் திரும்பியது.

"நாத்திகம் பேசுகிறாள்!" என்று சுவாமிகள் கத்தினார்.

"யாரு, நானா? ஆடி மாசம் எங்கம்மனுக்குக் கூழு ஊத்துறவ நான். எனக்கும் சாமி கீது. ஆனா அது போயும் போயும் ஃப்ளஷ் டேங்க்ல குந்தாது!" என்றவள் விஜயராகவன் பக்கம் திரும்பினாள். "சார், ஒரு கட்டைப் பிரிச்சிப் பாத்துடலாம் சார்."

"ஐயையோ!" விஜயராகவன் பின்வாங்கினார். "ஏழு தலைமுறைக்குக் குழாயில ஜலம் வராதுன்னு சொல்லியிருக்காரே!"

"நான் மாட்டேம்பா" என்றாள் சண்முகவடிவு. நானும் மாட்டேன் என்றுதான் நின்றேன். பதினோரு வீட்டுக்காரர்களும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒளிந்தோம். அந்தச் சாபம் எவ்வளவு கச்சிதமாகத் தைக்கப்பட்டிருந்தது பாருங்கள்! வீட்டில் குழாய் உள்ளவன் எவனும் அந்த முடிச்சைத் தொடமாட்டான்.

பொன்மணி சிரித்தாள்.

"நீங்கல்லாம் நவுருங்க. நான் பிரிக்கிறேன். எங்க வூட்ல குழாயே கெடியாது. தெருமொனைத் தொட்டிலேர்ந்து கொடத்துல எடுத்தாறோம். உங்க சாமி இன்னாத்த வத்த வெக்கும்?"

விஜயராகவன் வீட்டுத் தொட்டிக்குள் கையை விட்டுக் கட்டை வெளியே எடுத்தாள். நாற்பது நாள் ஊறிய துணி, இழுத்த இடத்தில் கிழிந்தது. அரக்கு முத்திரை உதிர்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நான்கு சுற்று. உள்ளே இருந்தது செங்கல்.

ஆமாம், செங்கல். வீடு கட்டுவார்களே, அது. ஓரங்கள் கரைந்து, மூலைகள் மழுங்கி, செம்மண்ணாகக் கையில் ஒட்டியது. நடுவில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து அச்சாகியிருந்தது. விஜயராகவன் குனிந்து பார்த்தார்.

"ஏதாவது பீஜாட்சரமோ?" என்றார், கடைசி நம்பிக்கையாக.

"சூளைக்காரன் பேரு சார்!" என்றார் அக்பர் பாஷா. கல்லை நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று கொட்டியது. "அதுவும் வேவாத கல்லு. சூளைல கழிச்சிப் போடுவானுங்க, சும்மா குடுத்தாக்கூட எடுக்க ஆள் கெடியாது. இது தண்ணில கரைஞ்சி செவப்பா ஊத்துது. நீங்க ரத்தம்னு கும்பிட்டுக்கினு கீறீங்க." அப்படியே தொட்டியின் அடியில் கையைவிட்டு ரப்பர் வாஷரைக் கழற்றிக் காட்டினார். அதன் விளிம்பு முழுக்க செங்கல் பொடி. "இந்த மண்ணு போய் வாஷர்ல மாட்டிக்கிச்சு. வாஷர் உக்காரல. தண்ணி ராவும் பகலும் ஒழுவுது. அந்த மஞ்சக் கோடும் அதான். பழைய வாஷரு கசிஞ்சி கசிஞ்சி உப்புக்கறை புடிக்கிது. பாம்பாவது பல்லியாவது!"

"அப்ப என் எரட்டைக் கட்டு?" என்றாள் சண்முகவடிவு.

ஒருவர் போய் எடுத்து வந்தார். பிரித்தார்கள். இரண்டு செங்கல். பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டே சொல்கிற அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "நாப்பது நாளாச் செங்கல்லுக்குக் கற்பூரம் காட்டுதேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் காட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மட்டும் வாய் இருந்ததா?

பித்தலாட்டத்துக்கும் ஒரு தரம் வேண்டும், ஐயா! நன்றாக வெந்த கல்லாகப் பார்த்து வாங்கியிருந்தால் சுவாமிகள் இன்றைக்கும் தேனாம்பேட்டை மேடையில் இருந்திருப்பார். நாங்களும் வரிசையில் இருந்திருப்போம். கல்லுக்குக் கொடுக்கிற காசில் கஞ்சத்தனம் பார்த்தார், கவிழ்ந்தார்.

"எங்கே அந்த ஆள்?" என்று யாரோ கத்தினார்கள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். சுவாமிகளைக் காணோம். கீழே ஓடினோம். வேன் நின்ற இடத்தில் நின்றது. பின்பக்கம் தரையைத் தொடுமளவு தாழ்ந்திருந்தது. திறந்தால், துணி சுற்றாத அருள் ஒரு லோடு. சீடன் ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். அக்பர் பாஷாவின் சம்மட்டியைப் பார்த்ததும் சாவியை அவனாகவே எடுத்துக் கொடுத்தான். "குரு எங்கேடா?" என்றால் திருதிருவென்று முழித்தான். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு, வடகிழக்கு மூலையைக் கண்ணால் காட்டினார்.

மூலைக் கழிப்பறையின் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாரு உள்ள? பாம்பா?" என்று அக்பர் பாஷா கதவைத் தட்டினார்.

"கொஞ்சம்... கொஞ்சம் பொறுங்கள்" என்று உள்ளேயிருந்து குரல். கர்ஜனை எல்லாம் எங்கேயோ போயிருந்தது. "வயிற்றைக் கலக்கிவிட்டது..."

கூட்டம் கொதித்தது. "ஒடைங்க கதவை! இழுத்து வெளியே போடுங்க!" விஜயராகவனே ஒரு வாழை மரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அக்பர் பாஷா சம்மட்டியை ஓங்கினார்.

பொன்மணி குறுக்கே வந்து நின்றாள்.

"இருங்க சார். ஆத்திரத்த அடக்குனாலும் மூத்திரத்த அடக்க முடியுமா? அவசரத்துக்குத்தான கக்கூஸு. வரட்டும், எங்க போயிடப் போறாரு?" கதவுப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள். "சாமி! பக்கெட்ல தண்ணி கீது. ஒரு மக்கு போதும். நெறைய ஊத்தாதீங்க, பஞ்ச காலம்!"

காம்பவுண்டே சிரித்து அதிர்ந்தது. பத்து நிமிஷம் கழித்து, நீலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜலயோகி வருணானந்த சுவாமிகள் நாகத்தின் தாய்வீட்டிலிருந்து பத்திரமாக வெளியே வந்தார். பாம்பு கடித்த அடையாளம் எதுவும் இல்லை. கேட்டுக்கு வெளியே, அதற்குள் யாரோ போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப் காத்திருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அக்பர் பாஷா இருபத்துநாலு தொட்டிக்கும் புது வாஷர் போட்டார். பொன்மணி கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் தண்ணீர் ரொப்பி வீடு வீடாக வைத்துக்கொண்டு போனாள். இப்போது லாரி முன்னைவிட அபூர்வமாகத்தான் வருகிறது. மூலைக் கழிப்பறை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்குப் புதுக் கதவு போடுவதாக எங்கள் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. எங்களுக்கு எல்லாமே ஒருமனதுதான், இடிப்பதும் கட்டுவதும்.

என் வீட்டுக்கு அவள் பாட்டில் வைக்க வந்தபோது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்.

"பொன்மணி, இனிமேல் அவசரம் என்றால் நீ கீழே ஓட வேண்டாம். எங்கள் வீட்டிலேயே போய்க்கொள்ளலாம்."

அவள் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். முதல் நாள் பார்த்த அதே பார்வை.

"இத்தச் சொல்ல உங்களுக்கு ஆறு வருசம், ஒரு சாமியாரு, இருவத்திநாலு செங்கல்லு தேவப்பட்டுச்சா, சார்?"

மாணவர்கள் என்னை இப்படிக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் நடத்தவில்லை போலிருக்கிறது.

ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே! தொட்டிக்குள் கல்லைப் போட்டால் தண்ணீர் மிச்சமாகும். தலைக்குள் போட்டுக்கொண்டால் மூளை மிச்சமாகும். இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியும் என்னுடையது அப்படியே புத்தம் புதிதாக மிச்சம் இருந்தது. உங்களுடையது எப்படி? எதற்கும் பத்துச் சொட்டு நீலம் விட்டுப் பாருங்கள்.